குகைக்கு நேரம் குறி, ஆற்றுக்கு வானம் பார்

தோர்தோன் ஆறு பிரான்சின் நடுமலைப் பகுதியில் சான்சி சிகரத்தடியில் பிறந்து, 480 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, போர்தோ நகருக்கு வடக்கே கரோன் ஆற்றோடு சேர்கிறது. முழு ஆற்றையும் சுற்றிக்காட்டுவது இந்த அத்தியாயத்தின் வேலை அல்ல. சார்லா என்ற சிற்றூருக்குத் தெற்கே, கார்சாக் முதல் பேனாக் வரை ஆறு வளைந்து வளைந்து போகும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் நம் களம். கூடவே, சற்று வடக்கே ஓடி லிமோய் ஊரில் இதனுடன் கலக்கும் வெசேர் ஆற்றங்கரைக் குகைகள். எல்லாமே சார்லாவிலிருந்து முக்கால் மணி நேரக் கார் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

இடம் இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் பலர் திட்டத்தில் கோட்டை விடுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் பத்துக் கிலோமீட்டருக்குள் நாலைந்து கோட்டைகள் தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்கலாம்தான். ஆனால் நினைவில் நிற்பது கார் நிறுத்த இடம் தேடியதும் சீட்டு வரிசையில் நின்றதுமாகவே இருக்கும். என் கட்சி வேறு. ஒரே ஊரில் தங்குங்கள், நான்கு நாள் ஒதுக்குங்கள், அதில் ஒரு முழு நாளை ஆற்றுக்குக் கொடுங்கள். இந்தக் கோட்டைகள் ஆற்றைக் கண்காணிக்கக் கட்டப்பட்டவை. சாலையிலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும்.

திட்டம் போடும் வரிசை

இங்கே எதை முதலில் பதிவு செய்கிறோம் என்பதில்தான் பயணமே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் விமானம், தங்குமிடம், படகு, கடைசியில் குகை என்று போகிறார்கள். கடைசியில் குகைச் சீட்டு கிடைப்பதில்லை. கீழுள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் குகைச் சீட்டு. ஓவியக் குகைகளில் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு. நாளும் மணியும் குறித்த சீட்டு கைக்கு வந்த பிறகே மற்றவை.

2. அடுத்து தங்குமிடம். கார் இல்லாதவர்களுக்குச் சார்லா. கார் இருந்தால் வித்ராக், வேசாக், செனாக் போன்ற ஆற்றங்கரை ஊர்கள். சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் கிராமத்து வீட்டுக்கு இங்கே 'ழித்' என்று பெயர். சைவக்காரர்களுக்கு ஓட்டலைவிட இது பல மடங்கு நிம்மதி. ஏன் என்பது சாப்பாட்டுப் பகுதியில் வரும்.

3. பிறகு சந்தை நாள். சார்லாவில் புதன், சனிக் கிழமைகளில் சந்தை. உங்கள் நான்கு நாட்களில் இவற்றில் ஒன்று வந்தால் அந்தக் காலையை ஊருக்குள் கழியுங்கள். வேறு ஊருக்குப் போவதானால் அந்த நேரத்தில் சார்லா நடுவில் காரை ஓட்டாதீர்கள்.

4. படகைக் கடைசியில் வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வானிலை பார்த்து, முந்தின நாள் மாலை தொலைபேசியில் சொன்னால் போதும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால், கோட்டை பார்த்துவிட்டு வந்து மாலை நடைக்கும் நேரம் கிடைக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பிரான்சே விடுமுறையில் இருக்கும். ஆற்றில் படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும். குளிர்காலத்தில் படகு வாடகை நிலையங்களும் பல பார்வையிடங்களும் மூடிக் கிடக்கும். ஏப்ரலில் பச்சை அழகாக இருக்கும், தண்ணீர் பனியாகச் சுடும்.

வந்து சேர்வதும் வண்டியும்

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் போர்தோ, அங்கிருந்து வட்டார ரயிலில் சார்லா. இந்த இரண்டாவது ரயில் மட்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து சுவியாக் ஊருக்கு நேர் ரயிலும் உண்டு. பெர்ஜராக், பிரீவ் ஊர்களில் சிறு விமான நிலையங்கள் இருக்கின்றன. பேருந்தை நம்பிக் குகைகளைப் பார்ப்பது கடினம், கார் எடுத்துவிடுங்கள்.

கார் எடுப்பவர்கள் கவனிக்க:

• இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோமேடிக் கியர் வேண்டுமானால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். கேட்காவிட்டால் கையால் மாற்றும் கியர்தான் வரும், அதுவும் வலது கைப் பக்கம்.

• சாலையில் வலது பக்கமாக ஓட்ட வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலது பக்கத்துச் சந்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான்.

• சிவப்புக் கரையிட்ட ஊர்ப் பெயர்ப்பலகையே வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் ஆகும். அதைத் தாண்டியதும் மணிக்கு 50 கிலோமீட்டர். அதே பெயரைக் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தால் ஊர் முடிந்தது என்று பொருள். தனியாக 50 என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருந்தால் அபராதச் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும்.

• எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சென்ற மேலங்கியும் காருக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மேலங்கி டிக்கியில் இருந்தால் பயனில்லை, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஆற்றில் ஒரு நாள்

இந்தப் பகுதியில் தோர்தோன் அமைதியான ஆறு. துடுப்பையே தொடாதவர்களும் குழந்தைகளோடு போகலாம். ஆனால் ஓடும் ஆறு ஓடும் ஆறுதான், பூங்காக் குளம் அல்ல. காவிரியில் நீந்திப் பழகியவருக்கு இங்கே தண்ணீரின் குளிர்ச்சி புதிதாக இருக்கும்.

எவ்வளவு தூரம்?

செனாக்கிலிருந்து பேனாக் வரை ஒன்பது, பத்துக் கிலோமீட்டர். இடையில் நிற்காமல் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம். வித்ராக்கிலிருந்து பேனாக் வரை சுமார் 16 கிலோமீட்டர். சாப்பிட, குளிக்க நின்றால் நான்கைந்து மணி நேரம். கார்சாக்கிலிருந்து பேனாக் வரை முழு நாள். முதல் தடவைக்கு வித்ராக்தான் சரி. முழு நாள் பயணத்தில் மதியத்துக்கு மேல் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும். பார்க்க வேண்டிய ஊர்கள் அதன் பிறகுதான் வருகின்றன என்பதே சிக்கல்.

காலையிலேயே கிளம்புங்கள். வளைவுகளை விட்டுப் பார்த்தால் ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. காலையில் வெயில் முதுகில், மதியத்துக்கு மேல் நேராக முகத்தில். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் கூச்சம் வேறு. கோட்டைகளைப் படம் எடுக்க நினைப்பவர்கள் பத்து மணிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும்.

வாடகை நிலையத்தில் கேட்க வேண்டியவை

விலையைவிட இந்தக் கேள்விகள் முக்கியம். பேருந்து நம்மைப் படகு ஏறும் இடத்துக்கு முன்பே கொண்டுபோய் விடுமா, இல்லை முடிந்த பிறகு வந்து அழைத்துப்போகுமா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? இறங்கும் துறையை எப்படி அடையாளம் காண்பது, எந்தக் கரை, என்ன நிறக் கொடி? இன்று நீர்மட்டம் எப்படி? பேருந்து முன்பே கொண்டுபோய் விடும் நிலையம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் கார் முடிவிடத்தில் காத்திருக்கும், பேருந்து போய்விடுமே என்ற அவசரம் இருக்காது.

பிரெஞ்சு விதிப்படி, படகு எடுப்பவர் 25 மீட்டராவது நீந்தவும் தண்ணீருக்குள் மூழ்கி எழவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிலையத்தில் இதற்குக் கையெழுத்துக் கேட்கலாம். நீச்சல் தெரியாதவர் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறாதீர்கள். அவர்களுக்காக லா ரோக் கஜாக்கில் 'கபார்' என்ற பழைய சரக்குப் படகின் வடிவத்தில் செய்த சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே இதே கோட்டைகளில் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

என்ன போட்டுக்கொள்வது, என்ன எடுத்துப்போவது

காலை மூடிய, கழன்றுவிடாத செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. ஹவாய்ச் செருப்பு வேண்டாம், முதல் சேற்றிலேயே ஆற்றோடு போய்விடும். நாடா வைத்த தொப்பி, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். புடவை, வேட்டி, ஜீன்ஸ் மூன்றுமே நனைந்தால் காலைக் கட்டிப்போடும். தண்ணீர் புகாத திருகுமூடிப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் படகோடு தருவார்கள். கைபேசி, கார் சாவி, மாற்று உடை அதற்குள். மூடியைத் திருகிய பிறகு டப்பாவைக் கயிற்றால் படகோடு கட்டுங்கள். பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிடலாம், நகல் போதும்.

தண்ணீரில்: படிப்படியாக

1. படகைக் கரைக்கு இணையாக, கணுக்கால் ஆழத்தில் மிதக்க விடுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்தபடி, இரு கையாலும் இரு பக்க விளிம்பையும் பற்றி, காலை நட்டநடுவில் வைத்து ஏற வேண்டும். நிமிர்ந்து நின்று ஏறுவதால்தான் பாதிப் படகுகள் கரையிலேயே கவிழ்கின்றன.

2. எடை கூடியவர் பின்னால், குழந்தை நடுவில். முன்பக்கம் கனத்தால் படகு சொன்ன பேச்சு கேட்காது.

3. முன்னால் இருப்பவர் தாளம் கொடுப்பவர், பின்னால் இருப்பவர் திசை பிடிப்பவர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் வலிக்க வேண்டும். இடப்பக்கம் வலித்தால் படகு வலப்பக்கம் திரும்பும். இந்தப் பங்கீட்டைக் கரையிலேயே பேசி முடியுங்கள். நடு ஆற்றில் கணவன் மனைவி சண்டை போடுவது இந்த ஆற்றில் தினசரிக் காட்சி.

4. முதல் பத்து நிமிடம் அமைதியான நீரில் திரும்பவும் நிறுத்தவும் பழகுங்கள். பின்னோக்கி வலித்தால் வேகம் குறையும்.

5. ஆழம் குறைந்து தண்ணீர் சலசலக்கும் இடம் வந்தால், கீழ்நோக்கிக் கூர்ந்து போகும் வழவழப்பான பாதையைத் தேடுங்கள். நாக்கை நீட்டியதுபோல் தெரியும். ஆழம் அங்கேதான். அதற்குள் நேராக நுழைந்து, வலிப்பதை நிறுத்தாமல் போங்கள். கூர் உங்களை நோக்கி மேல்பக்கமாக இருந்தால் அங்கே கல் ஒளிந்திருக்கிறது.

6. வளைவுகளில் வெளிப்புறக் கரையில் ஆழமும் இழுப்பும் அதிகம், சாய்ந்த மரங்களும் அங்கேதான். நடுவுக்குச் சற்று உள்புறமாகவே போங்கள். உள்புறத்தை ரொம்பவும் ஒட்டினால் கூழாங்கல் திட்டில் தரைதட்டும். தட்டினால் பயமில்லை, இறங்கி இழுத்துவிடலாம்.

7. பாலம் வந்தால் எந்தக் கண் வழியாகப் போவது என்பதை 50 மீட்டர் முன்பே தீர்மானியுங்கள். கடைசி நேரத்தில் மனம் மாறுபவர்கள்தான் தூணில் குறுக்காகப் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒட்டிவிட்டால் தூணை விட்டு விலகிச் சாயாதீர்கள், தூணின் பக்கமாகவே சாயுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மேலிருந்து வரும் நீர் படகுக்குள் புகுந்து கவிழ்த்துவிடும்.

8. இறங்கும் துறை கண்ணில் பட்டதும் அந்தக் கரையை ஒட்டி வந்து, படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, மெல்ல அணையுங்கள்.

கவிழ்ந்தால்

துடுப்பையும் படகையும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் படகுக்கு மேல்பக்கமாக இருங்கள். கீழ்பக்கம் இருந்தால் தண்ணீர் நிறைந்த படகு உங்களைக் கல்லோடு வைத்து நெருக்கும். இழுப்புள்ள இடத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் கற்களுக்கிடையே சிக்கும். மல்லாந்து படுத்து, காலைக் கீழ்த்திசை நோக்கி நீட்டி, நீர் அமைதியாகும் வரை மிதந்து பிறகு கரைக்கு நீந்துங்கள். தொங்கும் கிளையைப் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். படகுக்குள் இருக்கும்போதும் சரி, வெளியே இருக்கும்போதும் சரி, பிடிக்காதீர்கள். கை நின்றுவிடும், படகு போய்விடும்.

இன்னொன்று. ஆற்றின் மேல்பகுதியில் மின் உற்பத்திக்காக ஐந்து பெரிய அணைகள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் திறக்கும்போது மழையில்லாத நாளிலும் மட்டம் உயரலாம். இவ்வளவு கீழே வருவதற்குள் வேகம் தணிந்துவிடும் என்றாலும், கூழாங்கல் திட்டில் சாப்பிட உட்காரும்போது படகை நன்றாக மேலே இழுத்துப் போடுங்கள். பொருட்களைத் தண்ணீர் ஓரத்தில் வைக்காதீர்கள். கரையில் உள்ள மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் இதைத்தான் சொல்கின்றன.

குளிப்பதானால், பெரும்பாலான ஆற்றங்கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. 'பேன்யாத் ஆந்தெர்தித்' என்று எழுதியிருந்தால் குளிக்கத் தடை. பாலத்துக்கு அடியிலும் கபார் படகுத்துறைக்குப் பக்கத்திலும் குளிக்கவே வேண்டாம்.

வழியில் என்ன பார்க்கலாம்

வித்ராக்கிலிருந்து கிளம்பினால் முதலில் இடக்கரையில், உயரத்தில் தோம். 1281-இல் மூன்றாம் பிலிப் மன்னன் நிறுவிய கோட்டை ஊர். ஆற்றிலிருந்து பாறை மட்டுமே தெரியும். ஊரைப் பார்க்க இன்னொரு நாள் மாலை காரில் ஏறிப் போகலாம். செனாக் பாலம் தாண்டி ஒரு நீண்ட நேர்ப்பாதை. அது முடியும்போது வலக்கரையில் லா ரோக் கஜாக்: தேன்நிறப் பாறைச் சுவர், அதன் காலடியில் ஒரே வரிசையாக வீடுகள். பாறை தெற்கு நோக்கி நின்று வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால், இந்தக் குளிர்நாட்டு ஊரில் பனை வகைகளும் மூங்கிலும் வாழையும் வளர்கின்றன. அதே பாறை 1957 ஜனவரியில் இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாறையின் முகத்தில் நிறம் வெளிறித் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். இங்கே படகை ஒதுக்கி ஒரு மணி நேரமாவது ஊருக்குள் நடங்கள். கபார் படகுகளுக்கு மட்டும் எப்போதும் வழிவிடுங்கள், அவற்றால் சட்டென்று திரும்ப முடியாது.

அதற்கப்பால் இடக்கரையில் செயூ என்ற சிற்றாறு வந்து சேரும் இடத்துக்கு மேலே கஸ்தெல்நோ கோட்டை, இன்னும் கீழே வலக்கரையில் பேனாக். நூறாண்டுப் போரில் இவை எதிரெதிர் அணியில் நின்றவை. படகில் இருந்து பார்த்தால் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருப்பது இப்போதும் புரியும்.

குகைகள்

நான்கு விதமான குகைகள், நான்கு விதமான அனுபவம். நேரம் இருந்தால் இரண்டு போதும்.

லாஸ்கோ. மொந்தின்யாக் ஊருக்கு அருகே 1940 செப்டம்பரில் இளைஞர்கள் நால்வர் கண்டெடுத்தது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் சுவரில் பாசி பிடிக்க வைத்ததால் 1963-இல் மூடிவிட்டார்கள். நீங்கள் பார்க்கப் போவது 2016 டிசம்பரில் திறந்த முழு அளவுப் பிரதி. இதைத் தெரியாமல் வந்து வாசலில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிரதி என்று மட்டம் தட்ட வேண்டாம். காளைகள் கூட்டமாக ஓடும் அந்த மண்டபத்தின் பிரம்மாண்டம் வேறெங்கும் கிடைக்காது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதுவே முதல் தேர்வு.

ஃபோன் த கோம். லெ செய்சி ஊரில் இருக்கிறது. பல வண்ண ஓவியங்களை அசலாகவே, கைக்கெட்டும் தூரத்தில் காட்டும் குகை. சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள். நடை குறுகல், தோளில் பை தொங்கினால் சுவரில் உரசும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கலைமான் இரண்டு எதிரெதிரே இருக்கும் ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். ஆண் மான் குனிந்து, மண்டியிட்ட பெண் மானின் நெற்றியை நக்குகிறது. முதலில் வெறும் பாறைதான் தெரியும். வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் கொம்பின் நீண்ட வளைவு எழுந்து வரும், பிறகு நாக்கு. சீட்டு விற்கும் முறை அவ்வப்போது மாறுவதால் அதிகாரபூர்வ இணையதளத்தை மட்டும் நம்புங்கள். ஒரே ஒரு குகைதான் முடியும் என்றால் என் ஓட்டு இதற்கே.

ரூஃபின்யாக். மின்சாரச் சிறு ரயிலில் உட்கார்ந்து மலைக்குள் போகலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரம். வழியில் குகைக்கரடிகள் தூங்கத் தோண்டிய பள்ளங்களும் சுவரில் நகக் கீறல்களும் தெரியும். கடைசியில் இறங்கி, கூரை முழுக்க வரைந்த மாமூத் யானைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். அதே கூரையில் பிற்காலத்தில் வந்தவர்கள் மெழுகுவர்த்திப் புகையால் தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் மலைக்கோயில் சுவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது.

லா ரோக் சான் கிறிஸ்தோஃப். ஓவியம் இல்லை, வெசேர் ஆற்றுக்கு மேலே ஒரு கிலோமீட்டர் நீளப் பாறைமாடங்களில் மனிதர்கள் குடியிருந்த இடம். படிகள் உண்டு, உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் தவிர்க்கவும்.

பொதுவான எச்சரிக்கைகள்: குகைக்குள் கோடையிலும் 13 டிகிரிதான், ஸ்வெட்டர் கட்டாயம். ஓவியக் குகைகளில் படம் எடுக்க முடியாது. சுவரைத் தொடக்கூடாது, தடுமாறினால்கூட. குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே வாசலில் இருங்கள். குழு உள்ளே போய்விட்டால் கதவு மறுபடி திறக்காது. ஆங்கில வழிகாட்டியோடு போகும் நேரங்கள் குறைவு, பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டைகள், தோட்டங்கள்

சுருக்கமாகவே சொல்கிறேன். குழந்தைகளோடு என்றால் கஸ்தெல்நோ. இடைக்காலப் போர்க்கருவிகளுக்கான அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது, கல்லெறியும் பெரிய பொறிகள் மதில்மேல் நிற்கின்றன. காட்சிக்கு என்றால் பேனாக். ஆற்றங்கரையில் காரை விட்டால் சுமார் 150 மீட்டர் உயரம் கல்பாவிய சந்தில் ஏற வேண்டும். மேலேயும் கார் நிறுத்தம் உண்டு. பெரியவர்கள் நேராக அங்கே போய்விடலாம். மாலை நேரத்துக்கு மார்க்கேசாக் தோட்டம். உருண்டை உருண்டையாகக் கத்தரித்த ஒன்றரை லட்சம் பெட்டிமரச் செடிகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, ஆனால் அதன் முனையிலிருந்து தெரியும் ஆற்று வளைவுக்காகப் போகலாம். மிலாந்த் மாளிகை பாடகி ஜோசஃபின் பேக்கருடையது. உலகின் பல பகுதிகளிலிருந்து தத்தெடுத்த பன்னிரண்டு குழந்தைகளோடு இங்கே வாழ்ந்து, கடனில் அதை இழந்தார். 2021-இல் பிரான்ஸ் அவருக்குப் பாந்தியோன் நினைவு மண்டபத்தில் இடம் கொடுத்தது. அவருடைய மேடை உடைகள் அறைகளில் இருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் போர் பற்றிய கதைகள் கேட்டு அலுத்தவர்களுக்கு நல்ல மாற்று.

நடையும் சைக்கிளும்

பாதைக் குறிகளைக் கற்றுக்கொண்டால் வரைபடமே தேவைப்படாது. மரத்திலோ கல்லிலோ வெள்ளைக் கோடும் அதன் கீழ் சிவப்புக் கோடும் இருந்தால் நெடும்பாதை. மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் அது தவறான வழி, திரும்புங்கள். பத்து நிமிடம் குறி எதுவும் கண்ணில் படாவிட்டாலும் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புவதே நல்லது.

சைக்கிளுக்குப் பழைய ரயில் பாதையைத் தார் போட்டு மாற்றிய தடம் இருக்கிறது. சார்லா பக்கத்திலிருந்து கார்சாக், குரோலெஜாக் வழியாகக் கிழக்கே கசூலெஸ் வரை சுமார் 25 கிலோமீட்டர். மேடு குறைவு, கார் கிடையாது. சுரங்கத்துக்குள் போக விளக்கு வேண்டும். முழுத்தூரமும் போக வேண்டியதில்லை; கார்சாக்கிலிருந்து குரோலெஜாக் போய்த் திரும்பினாலே அரை நாள் இன்பமாகக் கழியும்.

இரண்டு ஆபத்துகளை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒன்று உண்ணி. புல்லில் நடந்தால் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு கொக்கியால் திருகி எடுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாவது வேட்டை. செப்டம்பரிலிருந்து குளிர்காலம் முடிய காட்டில் துப்பாக்கியோடு ஆட்கள் இருப்பார்கள். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை தெரிந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள், மற்ற நேரத்திலும் பளிச்சென்ற நிற மேலாடை போட்டு நடங்கள்.

எதற்கும் அவசர எண் 112. ஆற்றில் என்றால் பக்கத்துப் பாலத்தின் பெயரையும் எந்தக் கரை என்பதையும் சொல்லுங்கள்.

சாப்பாடு

பெரிகோர் என்ற இந்த வட்டாரம் வாத்தின் நாடு. அசைவக்காரர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை, எங்கே உட்கார்ந்தாலும் நன்றாக இருக்கும். சைவக்காரர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. பட்டியலில் அப்பாவியாக 'சார்லா உருளைக்கிழங்கு' என்று இருக்கும். அதை வறுப்பது வாத்துக் கொழுப்பில். பூண்டு சூப்பிலும் அதே கொழுப்பு இருக்கலாம். பெரிகோர் சாலட் என்றால் இலைக்கடியில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள். 'சான் வியாந்த், சான் க்ரெஸ் த கனார்' என்று கேளுங்கள்: இறைச்சி இல்லாமல், வாத்துக் கொழுப்பு இல்லாமல். முட்டை சாப்பிடுபவர்களுக்குக் காளான் ஆம்லெட் நல்ல துணை.

மதியச் சமையல் பன்னிரண்டுக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்துவிடும். இரண்டரைக்குப் போய் நின்றால் புன்னகையோடு இல்லை என்பார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகளும் பெரும்பாலும் மூடிவிடும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். சார்லா சந்தையில் வால்நட், அதன் எண்ணெய், வட்டச் சிறு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஸ்ட்ராபெரி. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பயன்பாட்டில் இல்லாத சாந்த் மரி தேவாலயத்தைக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் மூடிய சந்தையாக மாற்றியிருக்கிறார். வாசலில் நிற்கும் ராட்சத எஃகுக் கதவுகளே அடையாளம். சாதம், பருப்பு, ரசப்பொடி வேண்டுபவர்கள் பாரிசில் லா ஷாப்பெல் பகுதியிலுள்ள ஈழத்தமிழர் கடைகளில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள். சார்லாவில் தேடி அலைய வேண்டாம்.

மழை பெய்தால்

ஆற்று நாளைத் தள்ளி வைத்து, ரூஃபின்யாக் அல்லது லெ செய்சியில் பாறைக்கடியில் இருக்கும் தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஃபோன் த கோம் சீட்டு அன்றைக்கே இருந்தால், அருங்காட்சியகத்திலிருந்து அது நடை தூரம்தான். இடி கேட்டால் தண்ணீரில் இருப்பவர்கள் உடனே கரையேற வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. மழை விட்ட மறுநாள் வெயில் அடிக்கும், ஆறு மட்டும் கலங்கி வேகமாக ஓடும். அன்றைக்கும் அவசரப்படாதீர்கள். பிரெஞ்சு அரசின் 'விஜிக்ரூ' இணையதளத்தில் ஆற்றின் மட்டம் வரைகோடாகத் தெரியும். வெள்ள எச்சரிக்கை நிறம் பச்சைக்கு மேல் எதுவாக இருந்தாலும் அன்று படகு வேண்டாம். பச்சையாகவே இருந்தாலும் கோடு இறங்குமுகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வாடகை நிலையத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள்.